பெட்டியைத் திறப்பது யார்?

(காவல்துறையிலும் சிறைத்துறையிலும் ஊழலை ஒழிக்கும் வழி குறித்து ஒரு சிந்தனை)
இளம் அறிவியல் – வேதியியல், இரண்டாம் ஆண்டு

முன்னுரை

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நாம் முதன்முதலில் பழகும் நிறங்காட்டிகளுள் ஒன்று பினாப்தலீன். அமிலத்தில் அதற்கு நிறம் இல்லை. காரத்தன்மை ஏறி, பி.எச். மதிப்பு 8-ஐச் சற்றுத் தாண்டியதும் இளஞ்சிவப்பு நிறம் பூத்துவிடும். பியூரெட்டின் அடியில் குடுவையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு துளிக்காகக் காத்திருக்காத வேதியியல் மாணவர் நம் கல்லூரியில் இருக்க முடியாது.

அதே பினாப்தலீன்தான் இலஞ்சம் வாங்கிய கையையும் காட்டிக் கொடுக்கிறது. நம் மாநிலத்தில் 1964 முதல் இயங்கிவரும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகத்தை மக்கள் 'இலஞ்ச ஒழிப்புத் துறை' என்பார்கள். ஒருவர் புகார் கொடுத்தால், அவர் கொண்டுவரும் ரூபாய் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் பினாப்தலீன் பொடியைத் தடவிக் கொடுத்தனுப்புவார்கள். பணம் கைமாறியதும், வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவச் செய்வார்கள். கரைசல் சிவந்தால், அந்தக் கை அந்த நோட்டைத் தொட்டது உறுதி. இவையெல்லாம் வேறு அலுவலகங்களைச் சேர்ந்த இரு சாட்சிகள் முன்னிலையில் நடக்கும்.

முதலாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் இதை விளக்கியபோது வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் விடுதிக்குத் திரும்பும் வழியில் என் மனத்தில் ஒரு வினா எழுந்தது. நோட்டில் பொடி தடவி எடுத்துவர, புகார் கொடுப்பவர் முதலில் வெளியே நடமாட வேண்டும் அன்றோ? பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவன் எந்த நோட்டில் எந்தப் பொடியைத் தடவுவான்? அந்த வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

சிறைவாசலில் ஒரு பகல்

வினா எழுந்ததற்குக் காரணம் உண்டு. நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, என் தாய்மாமா ஒரு வரப்புத் தகராறில் கைதாகி, 23 நாள் கிளைச் சிறையில் இருந்தார். பின்னாளில் வழக்கு நிற்கவில்லை, விடுதலையானார். அந்த 23 நாளில் இருமுறை என் அம்மாவுடன் நான் 'மனு' பார்க்கச் சென்றேன். கைதியைக் காண எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

முதல் நாள், "இன்னைக்கு மனு முடிஞ்சுபோச்சு" என்றார்கள். அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சற்று நேரத்தில் ஒருவர் வந்து காதோடு ஏதோ சொன்னார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து 200 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அது அம்மாவுக்கு ஒரு நாள் நடவுக் கூலிக்குக் குறையாத தொகை. உடனே முடிந்துபோன மனு மீண்டும் தொடங்கிற்று.

வாயிலருகே சுவரில் ஒரு தகரப் பெட்டி தொங்கியது. 'புகார்ப் பெட்டி' என்று எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன்.

"எழுதிப் போடலாமாம்மா?"

"போடலாம்டா. அந்தப் பொட்டியத் தொறக்குறது யாரு? அவருதானே? அப்புறம் உள்ளே இருக்குற உன் மாமனத்தான் பாடாப்படுத்துவாங்க."

என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆயினும் சிறைத்துறை ஊழலைப் பற்றி நான் பின்னர் படித்த எல்லாவற்றிலும் ஊடாடும் கேள்வியை அவர் அன்றே கேட்டுவிட்டார். பெட்டி இருப்பது பெரிதில்லை. அதைத் திறப்பது யார்?

திகாரிலிருந்து ஒரு மடல்

இந்தக் கேள்வி 1979-ஆம் ஆண்டு நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. தில்லி திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்தவர் சுனில் பத்ரா. அவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயருக்கு ஒரு மடல் எழுதினார். தம்மைப் பற்றி அதில் அவர் முறையிடவில்லை. மற்றொரு கைதியைச் சிறைக் காவலர் ஒருவர் கொடூரமாகச் சித்திரவதை செய்தார் என்றும், பார்க்க வரும் உறவினர் வழியாகப் பணம் பறிப்பதே அதன் நோக்கம் என்றும் எழுதியிருந்தார்.

இந்த வரியைப் படித்தபோது என் அம்மாவின் முந்தானை முடிச்சு என் கண்முன் நின்றது. சிறை இலஞ்சத்தின் தனித்தன்மை இதுதான். சாதாரண அலுவலகத்தில் இலஞ்சம் கேட்டால், கொடுக்க மனமில்லாதவர் எழுந்து போய்விடலாம். காரியம் தாமதமாகும், அவ்வளவுதான். சிறையிலோ காவல் நிலைய அறையிலோ இருப்பவன் எழுந்து போக முடியாது. அவன் உடம்பே பிணைப்பொருள். வெளியே நிற்கும் தாயும் மனைவியும் அந்த உடம்புக்காகப் பணம் கட்டுகிறார்கள்.

நீதிமன்றம் அந்த மடலையே மனுவாக ஏற்றுக்கொண்டது. சிறை நிர்வாகத்தின் அறிக்கையைக் கேட்டு வாங்கி அதோடு கோப்பை மூடிவிடவில்லை. இரு வழக்கறிஞர்களை நீதிமன்றத்தின் உதவியாளர்களாக அமர்த்தி, சிறைக்குள் சென்று கைதியைக் காணவும், ஆவணங்களைப் பார்க்கவும், சாட்சிகளை விசாரிக்கவும் அதிகாரம் கொடுத்தது. அவர்கள் சென்றார்கள்; கண்டார்கள்; உண்மை வெளிவந்தது. 1979 டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது.

சாவியும் கயிறும்

அத்தீர்ப்பின் கட்டளைகளுள் சிலவற்றை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சிறைகளில் குறைதீர் பெட்டிகள் வைக்கப்பட வேண்டும். அவை மாவட்ட நடுவர், அமர்வு நீதிபதி ஆகியோரின் ஆணைக்கு உட்பட்டிருக்க வேண்டும். எல்லாக் கைதிகளும் அவற்றை அணுக இயல வேண்டும். இரண்டாவது, அவ்விருவரும் நேரிலோ பிரதிநிதிகள் வழியாகவோ சிறைக்குச் சென்று கைதிகளின் குறைகளைக் கேட்க வேண்டும். மூன்றாவது, நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர்கள் கைதிகளைச் சந்தித்து இரகசியமாகப் பேச வசதி தர வேண்டும். நான்காவது, தனிக் கொட்டடி போன்ற கடுந்தண்டனைகளை அமர்வு நீதிபதியின் பரிசீலனையின்றி விதிக்கக் கூடாது. அவசரமாயின் இரண்டு நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த நான்கிலும் ஓடும் சரடு ஒன்றே. பூட்டு சிறையிடம் இருக்கட்டும். சாவி வேறொருவரிடம் இருக்கட்டும்.

நம் முன்னோர் கதையிலும் இக்கருத்து உண்டு. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைக் கன்றை இழந்த பசு அடித்தது என்று சிறு வயதில் கேட்டிருக்கிறோம். மன்னனின் நீதியைப் புகழ்ந்துவிட்டு நாம் நின்றுவிடுகிறோம். பசுவால் அந்த மணியை எப்படி அடிக்க முடிந்தது? கயிறு அரண்மனைக்கு உள்ளே தொங்கவில்லை, வாயிலில் தொங்கியது. எந்தக் காவலனின் அனுமதியும் பசுவுக்குத் தேவைப்படவில்லை. கயிறு காவலன் கையில் இருந்திருந்தால் மன்னன் எவ்வளவு நல்லவனாக இருந்தும் பயன் இருந்திராது.

1993 முதல் 1995 வரை திகார் சிறையின் தலைவராக இருந்த கிரண் பேடி அம்மையார், இப்பெட்டியை மேலும் ஒரு படி முன்னே கொண்டுசென்றார். சுவரில் தொங்கும் பெட்டிவரை நடந்து போனாலே யார் போகிறான் என்று பார்த்துவிடுவார்கள். ஆகவே பூட்டிய மனுப் பெட்டி ஒன்றைக் கைதிகள் இருக்கும் இடங்களுக்கே கொண்டு செல்ல ஏற்பாடு செய்தார். கடிதங்கள் நேராகத் தலைமைக்குச் சென்றன. சிறிய மாற்றம்தான், ஆனால் இடையில் இருந்த கைகள் விலகின.

நெரிசலுக்கு ஒரு விலை

சிறையில் எதற்கு இலஞ்சம் என்று சிலர் வியக்கலாம். எது பற்றாக்குறையோ அதற்குத்தான் விலை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கே இடம் இருந்தது. அடைக்கப்பட்டிருந்தவர்களோ 5,73,220 பேர். நூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர்! அவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவர் குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகள். படுக்க இடம், குளிக்கத் தண்ணீர், உறவினரைப் பார்க்கும் நேரம் என எல்லாம் குறைவாக இருக்கும் இடத்தில், பங்கிட்டுக் கொடுப்பவரின் கை சந்தையாகிவிடுகிறது.

எனவே கூட்டத்தைக் குறைப்பதும் ஊழல் ஒழிப்பின் ஒரு பகுதியே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி செய்கிறது. ஒரு குற்றத்துக்குரிய உச்ச தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரையும், முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவராயின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரையும் வெளியில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் முதலிய சில விலக்குகள் உண்டு. அந்த நாள் வந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும். நல்ல சட்டம்தான். ஆயினும் நாளை எண்ணுவதும் தாளை எழுதுவதும் ஒரே மேசையில்தான் நடக்கின்றன. சட்ட உதவி வழக்கறிஞரிடமும் அதே பட்டியல் ஒன்று இருந்தால் அந்தத் தாளுக்கு எவரும் விலை வைக்க இயலாது.

காவல் நிலையத்தில் இரண்டாவது கை

சிறைக்குப் போகும் பாதை காவல் நிலையத்தில் தொடங்குகிறது. அங்கும் இதே நெறியைக் காணலாம்.

ஒருவரைக் கைது செய்ததற்கே எழுத்து இல்லாவிட்டால், அவர் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பேரம் பேசப்படலாம். மேற்கு வங்கத்தின் டி.கே. பாசு 1986-இல் எழுதிய மடலிலிருந்து எழுந்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழிமுறைகளை வகுத்தது. கைதுக்கு ஒரு குறிப்பாணை எழுத வேண்டும். அதில் நாளும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குச் செய்தி சொல்ல வேண்டும். காவலர் எழுதும் தாளில் ஊரார் ஒருவரின் கையெழுத்து. அதுதான் நான் சொல்லும் இரண்டாவது கை.

முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். 2016-இல் உச்ச நீதிமன்றம், உணர்வுமிக்க சில வழக்குகள் நீங்கலாக, அவ்வறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் ஏற்றுமாறு கட்டளையிட்டது. நகலுக்காக நிலையத்தின் வாசலில் நிற்க வேண்டிய தேவை குறைந்தால், நிற்பவரிடம் கேட்பதும் குறையும்.

2020 டிசம்பர் 2 அன்று, எல்லாக் காவல் நிலையங்களிலும் வாயில், அடைப்பறை, தாழ்வாரம் உட்பட எங்கும் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்றும், பதிவை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் கூறியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தக் கேமராவைப் பழுதின்றி ஓடவைக்கும் பொறுப்பு அந்த நிலையத்தின் பொறுப்பு அலுவலருக்கே தரப்பட்டது. இங்கே என் அம்மாவின் கேள்வியை மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறது. அதே ஆண்டு ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் காவலில் இருந்த தந்தையும் மகனும் இறந்தபோது, நிலையத்தின் கேமராப் பதிவு நாள்தோறும் தானே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரணை நடத்திய நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். கண் இருந்தது; அதன் நினைவு பிறர் கையில் இல்லை.

அந்த நிகழ்ச்சியில் நாம் மறக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. அங்கே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர்தாம் அச்சத்தையும் மீறி நடுவரிடம் சாட்சியம் அளித்தார். காக்கிச் சட்டைக்குள்ளும் நேர்மை உண்டு. நெடுநேரப் பணியும் விடுப்பில்லா வாழ்க்கையுமாக உழைக்கும் காவலர்களைப் பொத்தாம்பொதுவாகப் பழிப்பது அறமாகாது. உள்ளே இருக்கும் நேர்மையாளர் பேசுவதற்கும் வெளியே ஒரு காது வேண்டும் என்பதே அதன் பாடம்.

ஹாங்காங் காட்டிய வழி

'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்பார்க்கு ஒரு சான்று காட்டுகிறேன். 1970-களின் தொடக்கத்தில் ஹாங்காங் காவல்துறை ஊழலில் ஊறியிருந்தது. அங்கே அதைப் பேருந்துக்கு ஒப்பிட்டுப் பேசுவார்களாம். பங்கு வாங்க விருப்பமா, ஏறிக்கொள். விருப்பமில்லையா, பக்கத்தில் ஓடி வா. குறுக்கே மட்டும் நிற்காதே! நேர்மையான ஒரு காவலரின் நிலையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அந்நாளில் காவல்துறையினரின் ஊழலை விசாரித்ததும் காவல்துறையின் ஒரு பிரிவே. பீட்டர் காட்பர் என்ற உயர் அதிகாரியிடம் அவர் சம்பளத்துக்கு மிஞ்சிய சொத்து இருப்பது தெரிந்து விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 1973 ஜூன் 8 அன்று, தம் காவல்துறை அடையாளச் சீட்டைக் காட்டி விமான நிலையத்தின் சோதனையைக் கடந்து அவர் இங்கிலாந்துக்குப் பறந்துவிட்டார். மக்கள் தெருவில் திரண்டனர். 1974 பிப்ரவரியில், காவல்துறையோடு தொடர்பற்று, ஆளுநருக்கு நேரடியாகப் பொறுப்பான தனி ஆணையம் பிறந்தது. 1975-இல் காட்பர் திரும்பக் கொண்டுவரப்பட்டு நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

அந்த ஆணையம் மூன்று கால்களில் நின்றது. ஒன்று, குற்றத்தைப் புலனாய்வது. இரண்டு, இலஞ்சத்துக்கு இடம் தரும் அலுவலக நடைமுறைகளை ஆராய்ந்து மாற்றுவது. மூன்று, மக்களிடம் சென்று விளக்குவது. பாதை எளிதாக இருக்கவில்லை. 1977 அக்டோபரில் காவலர்கள் சிலர் ஆணையத்தின் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து தாக்கினர். ஆளுநர் பழைய குற்றங்கள் பலவற்றுக்குப் பொது மன்னிப்பு வழங்கிச் சமாதானம் செய்ய நேர்ந்தது. ஆயினும் ஆணையம் கலைக்கப்படவில்லை. பழையதைத் தோண்டுவதைவிடப் புதியதைத் தடுப்பது என்ற வழியில் அது தொடர்ந்தது. சாவி வேறு கைக்கு மாறியதும் பேருந்து ஓடுவது கடினமாயிற்று.

நம் நாட்டில் நிலை என்ன?

ஓய்வுபெற்ற காவல் உயர் அதிகாரி பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில், 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளை இட்டது. முக்கியப் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு இரண்டாண்டுப் பதவிக்காலம் உறுதி என்பது அவற்றுள் ஒன்று. எப்போது மாற்றுவார்களோ என்ற அச்சமும் மாற்றலுக்காகும் செலவுமே ஊழலுக்கு ஊற்றாகின்றன என்பதை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர். மற்றொன்று, காவல்துறைக்கு எதிரான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம். மாநில அளவில் ஓய்வுபெற்ற உச்ச அல்லது உயர் நீதிமன்ற நீதிபதியும், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் அதற்குத் தலைமை ஏற்க வேண்டும்.

நம் மாநிலம் 2013-இல் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தை இயற்றியது. அதில் மாநிலப் புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர் என்றும், மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர், காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர் என்றும் வகுத்தார்கள். ஆட்சியர் மேல் மக்களுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புகாருக்கு உள்ளான துறையின் தலைவரே, புகாரை எடைபோடும் மேசையிலும் அமர்வது முறையா? தான் செய்த பரிசோதனைக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள எந்த ஆய்வுக்கூடத்திலும் மாணவரை விடுவதில்லையே!

முடிவுரை

சம்பளத்தை உயர்த்தினால் ஊழல் ஒழியும் என்பர் சிலர். ஒழுக்கத்தைப் போதித்தால் ஒழியும் என்பர் வேறு சிலர். இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் நல்லவரையும் தளரவைக்கும் இடம், எவர் கண்ணும் படாமல் ஒருவரே முடிவெடுத்து, ஒருவரே எழுதி, ஒருவரே பெட்டியைத் திறக்கும் இடம். அந்த இடத்தில் இரண்டாவது கையை வைப்பதே தலையாய மருந்து. பினாப்தலீன் முறைகூட வெற்றி பெறுவது பொடியால் மட்டுமன்று. வேறு அலுவலகத்துச் சாட்சிகள் இருவர் அருகில் நிற்பதாலும்தான்.

மாணவத் தோழர்களே, இது நமக்குத் தொலைவில் உள்ள செய்தி அன்று. நம்மில் பலர் மாலையில் மைதானத்தில் ஓடுவதும் கயிறு ஏறுவதும் எதற்கு என்று அனைவரும் அறிவோம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று பணிக்கும் ஒரே தேர்வு. நானும் எழுதப் போகிறேன். தேர்வு பெற்றால், என் அம்மா நின்ற அந்த வாயிலின் மறுபக்கத்தில் நான் அமரக்கூடும். அன்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வேறொரு தாய் வருவார். அப்போது என் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அவர் நிற்கக் கூடாது. 'நாளை நீதிபதி வருகிறார். பெட்டியின் சாவி அவரிடம் இருக்கிறது' என்று அவருக்கும் தெரிய வேண்டும். எனக்கும் தெரிய வேண்டும்.

இன்றே நாம் செய்யக்கூடியதும் உண்டு. காவல் நிலையத்துக்கு ஒருவர் தனியே போக நேர்ந்தால் படித்த ஒருவர் உடன் செல்லலாம். கைதுக் குறிப்பாணையைக் கேட்டுப் படிக்கலாம். இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை ஊர்ப் பலகையில் எழுதிவைக்கலாம். வற்புறுத்தலால் இலஞ்சம் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால் அவருக்குத் தண்டனை இல்லை என 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுவதை எடுத்துச் சொல்லலாம்.

சென்ற பொங்கல் விடுமுறையில் இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, திகார் மடலின் கதையை அம்மாவிடம் சொன்னேன். சாவியை நீதிபதியிடம் கொடுக்கச் சொல்லி 1979-லேயே தீர்ப்பாகிவிட்டது என்றேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்:

"அப்ப நாம போனப்ப அது ஏன்டா அங்க இல்ல?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பலர். நாளை அந்த மேசைகளில் அமரப்போகும் நாமும் அவர்களுள் ஒருவர் என்பதால், அதை உங்கள் முன் வைக்கிறேன்.